கைரேகையா, கருவிழியா: போன் உங்களை எப்படி அடையாளம் காண்கிறது?

போன் கடையில் "இது கண்ணால திறக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "திறக்கும்" என்றுதான் பதில் வரும். கடைக்காரர் காட்டுவது, முன்பக்கக் கேமரா முகத்தைப் பார்த்துத் திறக்கும் வசதியை. கருவிழியைப் படித்துத் திறப்பது வேறு நுட்பம். அதற்குத் தனிக் கேமராவும் தனி விளக்கும் வேண்டும். அந்த இரண்டும் உள்ள போன்கள் சந்தையில் இருந்த காலம் மிகக் குறைவு. 2015-இல் ஜப்பானில் ஃபுஜிட்சுவின் ஆரோஸ் என்எக்ஸ் எஃப்-04ஜி வந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் லூமியா 950 வந்தது. 2016-இல் சாம்சங் நோட் 7 வந்து, பேட்டரி தீப்பிடித்ததால் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு எஸ்8, நோட் 8, எஸ்9, நோட் 9 என்று 2018 வரை ஓடியது. 2019-இல் எஸ்10 வந்தபோது சாம்சங்கே கருவிழி ஸ்கேனரை எடுத்துவிட்டு, திரைக்கு அடியில் கைரேகை சென்சாரை வைத்தது.

இத்தனைக்கும் கைரேகையைவிடக் கருவிழி துல்லியமான அடையாளம். பிறகு ஏன் போனில் கைரேகை நிலைத்தது, கருவிழி போனது? அடையாளம் எவ்வளவு தனித்தன்மை உடையதாக இருந்தாலும், வெயிலிலும் வியர்வையிலும் ஓடுகிற பஸ்ஸிலும் அதை ஒரு நொடிக்குள் தெளிவாகப் படமெடுக்க முடியாவிட்டால் போனுக்கு அது உதவாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், உங்கள் போன் ஏன் சில நாள் திறக்கிறது, சில நாள் அடம்பிடிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

கண்ணில் எதைப் படிக்கிறது?

கண்ணின் நடுவே உள்ள கறுப்புப் புள்ளி பாவை. ஒளி உள்ளே போகும் துளை அதுதான். அதைச் சுற்றியுள்ள பழுப்பு வளையம்தான் கருவிழி. சுமார் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்த வளையத்தில் இழைகள், குழிகள், மடிப்புகள் எல்லாம் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கின்றன. இந்த அமைப்பு கருவில் மூன்றாம் மாதம் உருவாகத் தொடங்கி, எட்டாம் மாதத்துக்குள் பெருமளவு நிலைபெற்றுவிடும். இரட்டைக் குழந்தைகளுக்கும் ஒன்றுபோல் இருக்காது. ஒருவருடைய இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்குமே பொருந்தாது. பலர் இதை விழித்திரை ஸ்கேன் என்று சொல்கிறார்கள். விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருப்பது. அதைப் படிக்க, கண்ணைக் கருவியோடு ஒட்டி வைக்க வேண்டும். எந்தப் போனும் அதைச் செய்ததில்லை.

நம் ஊரில் பெரும்பாலோருக்குக் கண் அடர் பழுப்பு. கண்ணாடியில் பார்த்தால் ஒரே கறுப்பாகத்தான் தெரியும், உள்ளே இழை எதுவும் தெரியாது. கருவிழியில் உள்ள மெலனின் நிறமி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சிவிடுவதே காரணம். சாதாரண செல்ஃபி கேமராவால் இந்தக் கண்ணில் எதையும் உருப்படியாகப் படிக்க முடியாது. ஆனால் அகச்சிவப்பு ஒளியில் மெலனின் அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. சிவப்பு நிறத்தைத் தாண்டி சுமார் 700 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில் பார்த்தால், அடர் பழுப்புக் கண்ணிலும் இழைகள் பளிச்சென்று எழுந்து நிற்கும். அதனால்தான் போனின் மேல் ஓரத்தில் அகச்சிவப்பு எல்இடி ஒன்றும், அந்த ஒளியை மட்டும் வாங்கும் கேமரா ஒன்றும் வைக்க வேண்டியிருந்தது. எஸ்8-ஐ இருட்டில் கண் எதிரே பிடித்தால் மேலே மங்கலாகச் சிவப்பு ஒளி தெரியும். அது இந்த எல்இடிதான்.

படம் கிடைத்த பிறகு நடப்பது இது. முதலில் பாவையின் விளிம்பையும் கருவிழியின் வெளி விளிம்பையும் மென்பொருள் கண்டுபிடிக்கிறது. இமையும் இமைமுடியும் மறைக்கிற பகுதிகளைத் தள்ளிவிடுகிறது. மீதி வளையத்தை வெட்டி நீட்டி ஒரு பட்டையாக விரிக்கிறது. பாவை பெரிதானாலும் சுருங்கினாலும் பட்டையின் அளவு மாறாதபடி இப்படி விரிப்பார்கள். அந்தப் பட்டையின் ஒவ்வொரு சிறு பகுதியையும் 0, 1 என்று எண்களாக மாற்றுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் உருவாக்கி 1994-இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒரு கண்ணுக்கு இப்படி 2,048 பிட்கள். வெறும் 256 பைட்டில் ஒரு கண் அடங்கிவிடுகிறது.

திறக்கும்போது புதிதாக எடுத்த பிட்களையும் சேமித்து வைத்த பிட்களையும் அருகருகே வைத்து, எத்தனை வேறுபடுகின்றன என்று எண்ணுவதுதான் சோதனை. இரண்டு வேறு கண்கள் என்றால் ஏறக்குறைய பாதி பிட்கள் வேறுபடும். ஒரே கண் என்றால் வேறுபாடு அதைவிட நிறையக் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் ஒரே கண் என்று முடிவு செய்வார்கள். இரண்டு நிலைகளுக்கும் நடுவே இவ்வளவு அகலமான இடைவெளி இருப்பதுதான் கருவிழியின் பலம்.

இந்தப் பலத்தைப் பயன்படுத்த சில நிபந்தனைகள் உண்டு. போன் முகத்திலிருந்து சுமார் 25 முதல் 35 சென்டிமீட்டர் தூரத்தில், இரண்டு கண்ணும் திரையில் காட்டும் வட்டங்களுக்குள் பொருந்தும்படி இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கண்ணாடி வில்லையில் எல்இடியின் ஒளி தெறித்து, கருவிழியின்மேல் வெள்ளைப் புள்ளியாக விழும். சாம்சங் போன்களில் ஒரே ஒருவருடைய கருவிழியைத்தான் பதிய முடியும். கண்ணுக்குக் கெடுதல் வருமா என்று பலர் பயந்தார்கள். எல்இடியின் ஒளி பலவீனமானது. இருந்தாலும் போனைக் கண்ணிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வைக்கும்படி சாம்சங்கே அறிவுறுத்தியது. கண்ணருகே கொண்டுபோய்த் திறக்கப் பார்ப்பது வீண், அந்தத் தூரத்தில் படம் குவியாது.

விரலில் எதைப் படிக்கிறது?

விரல் நுனித் தோலில் வரப்பும் வாய்க்காலும் போல மேடு பள்ளங்கள் ஓடுகின்றன. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர். மேடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற புள்ளிகளும், அவற்றுக்கு இடையிலுள்ள தூரமும் கோணமும்தான் அடையாளம். அதை எடுக்கப் போன்களில் மூன்று வகை சென்சார்கள் இருக்கின்றன. உங்கள் போனில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் மூன்றும் தடுமாறும் இடங்கள் வேறு வேறு.

முதல் வகை மின்தேக்கு சென்சார். பவர் பட்டனிலோ போனின் முதுகிலோ இருப்பது இதுதான். 2013-இல் ஐபோன் 5எஸ் ஹோம் பட்டனில் வந்த டச் ஐடியும் இதுவே. அதற்கு முன்பே 2011-இல் மோட்டோரோலா ஏட்ரிக்ஸில் கைரேகை வந்துவிட்டது, ஆனால் அதில் விரலைத் தேய்த்து இழுக்க வேண்டும். தொட்டாலே போதும் என்ற பழக்கத்தைப் பரவலாக்கியது டச் ஐடி. இந்த சென்சாரின் மேற்பரப்பில் மிக நுண்ணிய மின்தகடுகள் வரிசையாக இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்பது டச் ஐடியின் கணக்கு. தோலின் மேடு தகட்டுக்கு மிக அருகில் இருக்கும், பள்ளத்தில் நடுவே காற்று இருக்கும். இரண்டு இடத்திலும் தேங்கும் மின்னூட்டம் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் படம் உருவாகிறது.

இரண்டாவது, திரைக்கு அடியில் இருக்கும் ஒளி சென்சார். விரல் வைத்த இடத்தில் திரை பளீரென்று ஒளிரும். விரலில் பட்டுத் திரும்பும் ஒளியை, திரையின் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வழியாக அடியிலுள்ள சிறு கேமரா படமெடுக்கும். இந்த வகையோடு கடைக்கு வந்த முதல் போன், 2018 தொடக்கத்தில் வெளியான விவோ எக்ஸ்20 பிளஸ் யூடி. இதற்கு, புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரைதான் தோது. எல்சிடி திரையின் முதுகில் ஒளியைப் பரப்பும் தகடுகள் இருப்பதால் அதன் வழியே கேமராவால் பார்க்க முடியாது. விலை குறைந்த எல்சிடி போன்களில் கைரேகை பவர் பட்டனில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, மீயொலி சென்சார். சாம்சங் எஸ்10-க்கு, சிப் நிறுவனமான குவால்காம் கொடுத்தது இது. காதுக்குக் கேட்காத ஒலியைக் கண்ணாடி வழியாக விரலுக்கு அனுப்பி, மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் திரும்பும் எதிரொலியை அளக்கும். ஈரத்தையும் அழுக்கையும் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். எஸ்10-இல் அதன் பரப்பு 4-க்கு 9 மில்லிமீட்டர்தான். 2021-இல் வந்த அடுத்த தலைமுறையில் 8-க்கு 8 ஆனது. விரலை எங்கே வைப்பது என்று தேடும் தொல்லை அதனால்தான் புதிய போன்களில் குறைந்திருக்கிறது.

இரண்டு வகைத் தவறு

பின் நம்பரில் சரி, தப்பு என்று இரண்டே நிலைதான். கைரேகையிலும் கருவிழியிலும் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் மாறும், எனவே "எவ்வளவு ஒத்துப்போகிறது" என்று ஒரு மதிப்பெண் வரும். இத்தனைக்கு மேல் இருந்தால் திற என்று ஒரு கோட்டைப் போன் நிறுவனம் கிழிக்கிறது. கோட்டைத் தாழ்த்தினால் அந்நியருக்குத் திறந்துவிடும் ஆபத்து கூடும். உயர்த்தினால் உரியவருக்கே திறக்க மறுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழிக்க முடியாது. கருவிழியில் இந்தக் கோட்டைக் கிழிக்க இடம் தாராளம். சிறிய சென்சாரில் பதிந்த அரைகுறைக் கைரேகையில் இடம் குறைவு.

டச் ஐடியில் முன்பின் தெரியாத ஒருவர் விரல் வைத்துத் திறந்துவிடும் வாய்ப்பு, ஒரு விரல் மட்டும் பதிந்திருந்தால் 50,000-இல் 1 என்கிறது ஆப்பிள். ஐந்து விரல் பதிந்தால் அது 10,000-இல் 1 வரை போகும். அதாவது நான்கு இலக்கப் பின் நம்பரை ஒரே முறையில் ஊகித்துவிடும் வாய்ப்புக்குச் சமம். ஆகவே எல்லா விரலையும் பதிந்து வைப்பது பாதுகாப்பைக் கூட்டாது, குறைக்கும். இரண்டு கட்டைவிரல், ஓர் ஆள்காட்டி விரல் போதும்.

ஆண்ட்ராய்டில் கூகுள் இந்த வசதிகளை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது. முதல் தரத்தில் சேர, போலிகளை வைத்துச் சோதிக்கும்போது 7 சதவீதத்துக்கு மேல் ஏமாறக் கூடாது. 20 சதவீதத்துக்கு மேல் ஏமாந்தால் கடைசித் தரம். வங்கிச் செயலிகளுக்குச் சாவி தரும் உரிமை முதல் தரத்துக்கு மட்டுமே. விலை குறைந்த போன்களில் செல்ஃபி கேமராவை மட்டும் நம்பும் முகத் திறப்பு பெரும்பாலும் கடைசித் தரத்தில்தான் சேரும். போன் முகத்தைப் பார்த்துத் திறந்துகொள்கிறது, ஆனால் வங்கிச் செயலி மட்டும் கைரேகைதான் வேண்டும் என்கிறதே என்று குழம்புபவர்களுக்கு விடை இது. ஐபோனின் ஃபேஸ் ஐடி இந்தக் கணக்கில் சேராது. அது 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி, ஆழத்தை அளந்து பார்க்கிறது.

ரேகை எங்கே போய்ச் சேர்கிறது?

பலருக்கும் உள்ள பயம் இது: என் கைரேகை சீனாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடுமா? முறையாகத் தயாரித்த போனில் ரேகையின் படம் சேமிக்கப்படுவதே இல்லை. படத்திலிருந்து எடுத்த எண்கள் மட்டும், போனின் முதன்மைச் சிப்புக்குள் தனியாகப் பிரித்து வைத்த பாதுகாப்புப் பகுதியில் குறியாக்கம் செய்து வைக்கப்படும். ஒப்பிட்டுப் பார்ப்பதும் அங்கேயே நடக்கும். வாட்ஸ்ஆப்புக்கோ வங்கிச் செயலிக்கோ போவது "ஆம்" அல்லது "இல்லை" என்ற பதில் மட்டுமே.

ஆதார் இதற்கு நேர் எதிர். பத்து விரலும் இரு கருவிழியும் முகமும் ஆதார் ஆணையத்தின் தரவு மையத்தில் இருக்கின்றன. நீங்கள் ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது ஒப்பீடு அங்கேதான் நடக்கிறது. உங்கள் போனின் கைரேகைக்கும் ஆதாரின் கைரேகைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. போனின் சென்சாரில் விரல் வைத்து ஆதார் சரிபார்க்கவும் முடியாது, அதற்கு ஆணையம் அங்கீகரித்த கருவி வேண்டும். 2016-இல் சாம்சங் இதற்காகவே இந்தியாவில் கேலக்ஸி டேப் ஐரிஸ் என்ற டேப்லெட்டை 13,499 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் பதியாதவர்களுக்காகக் கருவிழிக் கருவி வந்திருப்பதும் இந்த வழியில்தான். வயதானவர்களுக்கும், சிமென்ட் கலவையில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கும் ரேகை தேய்ந்துவிடும், கருவிழி அப்படித் தேயாது. போனில் தோற்ற கருவிழி, ரேஷன் கடையில் வென்றிருக்கிறது. அங்கே நிழல் இருக்கிறது, கருவியைச் சரியாகப் பிடித்துக் காட்ட ஓர் ஊழியர் இருக்கிறார், சில நொடி காத்திருக்கலாம்.

விரலை வைத்துத் திறக்கும் போன், ரீஸ்டார்ட் செய்ததும் பின் நம்பர் கேட்பது ஏன்? போனில் உள்ள தகவலைப் பூட்டியிருக்கும் சாவி, உங்கள் பின் நம்பரைக் கொண்டுதான் உருவாகிறது. விரலின் பதிவு ஒவ்வொரு முறையும் சற்று மாறுவதால் அதிலிருந்து நிலையான சாவியை வார்க்க முடியாது. பின் நம்பர் ஒருமுறை சாவியை எடுத்துக் கொடுத்த பிறகுதான் கைரேகைக்கு வேலை. ஐபோனை 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தாலும், ஆண்ட்ராய்டில் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பின் நம்பர் கேட்கும். ஆகவே கைரேகை இருக்கிறதே என்று 1234 என்று பின் வைத்தால், போனுக்கு உள்ள பாதுகாப்பு அந்த 1234 மட்டும்தான். ஆறு இலக்கமாவது வையுங்கள்.

ஏமாற்ற முடியுமா?

முடியும், இரண்டையுமே. ஜெர்மனியில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பைச் சேர்ந்தவர்கள், 2013-இல் டச் ஐடி வெளிவந்த சில நாட்களிலேயே கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து திறந்து காட்டினார்கள். 2017-இல் அதே கிளப் எஸ்8-இன் கருவிழி ஸ்கேனரையும் திறந்தது. கேமராவை இரவு நிலையில் வைத்து, அகச்சிவப்பு ஒளியும் பதியும்படி தூரத்திலிருந்து கண்ணைப் படமெடுத்து, லேசர் பிரிண்டரில் அச்சிட்டு, அதன்மேல் ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்தார்கள். நிஜக் கண்ணின் வளைவைக் காட்டுவதற்கு அந்த லென்ஸ். விரல் ரேகை தொட்ட இடத்தில்தான் பதியும், கண் எல்லாருடைய பார்வைக்கும் திறந்தே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கருவிழியின் பலம் பலவீனமாகிவிடுகிறது.

அதே 2017-இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சிறிய சென்சார்கள் விரலின் துண்டு துண்டான பகுதிகளையே சேமிக்கின்றன. அந்தத் துண்டுகளில் பலருக்குப் பொதுவாகப் பொருந்தும் சில வடிவங்கள் உண்டு. முழு விரலில் அவை பொருந்தாது, துண்டில் பொருந்திவிடலாம்.

ஆனால் போனைப் பறித்துக்கொண்டு ஓடுபவர் போலி விரல் செய்து உட்கார்ந்திருப்பதில்லை. பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் உண்மையான ஆபத்து, நீங்கள் பின் நம்பர் போடுவதைப் பின்னாலிருந்து பார்ப்பவர். பார்த்துவிட்டுப் போனையும் எடுத்துவிட்டால் எல்லாம் திறந்துவிடும். கைரேகை அந்த வாய்ப்பை அடைக்கிறது. பொது இடத்தில் கைரேகையால் திறப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்லலாம்.

வீட்டுக்குள் ஆபத்து வேறு. தூங்குபவரின் விரலைப் பிடித்து வைத்தால் கைரேகை சென்சார் திறந்துவிடும். கருவிழிக்குக் கண் திறந்திருக்க வேண்டும், இது கருவிழிக்குச் சாதகம். இதற்கு ஆண்ட்ராய்டில் ஒரு வழி உண்டு: பவர் மெனுவில் லாக்டவுன் என்பதைத் தட்டினால், அடுத்த முறை பின் போடும்வரை கைரேகையும் முகமும் வேலை செய்யாது. சில போன்களில் இதை செட்டிங்ஸில் முதலில் இயக்க வேண்டும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அதே பலன்.

சென்னையில் எங்கே தடுமாறும்?

வியர்வைதான் முதல் காரணம். மின்தேக்கு சென்சாரில் வியர்வை பள்ளங்களை நிரப்பிவிடும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். விரலை மட்டும் துடைத்தால் போதாது, சென்சாரையும் துடைக்க வேண்டும். பாத்திரம் கழுவிய கை, மீன் கழுவிய கை, தேங்காய் எண்ணெய் தடவிய கை, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தண்ணீரில் வெகுநேரம் ஊறிச் சுருங்கிய விரலுக்குத் துடைப்பதும் உதவாது. ரேகையே தற்காலிகமாக வளைந்திருக்கும், தோல் பழையபடி ஆகும்வரை பின் நம்பர்தான்.

இதற்கு நேர் எதிரானதும் அதே நகரத்தில் நடக்கும். ஓஎம்ஆர் அலுவலகங்களில் நாள் முழுக்க ஏசியில் இருப்பவர்களின் விரல் வறண்டுவிடும். வறண்ட தோலின் மேடுகள் கண்ணாடியோடு ஒட்டாது, ஒளி சென்சாரில் படம் விட்டுவிட்டு வரும். விரல் நுனியில் வாயால் ஒருமுறை ஊதினால் கிடைக்கும் ஈரமே போதும். கொஞ்சம் அழுத்தி வைப்பதும் உதவும்.

மெரினாவில் நடுப்பகலில் ஒளி சென்சார் திணறும். விரலைச் சுற்றி நுழையும் வெயில், திரையின் ஒளியை அமுக்கிவிடும். கையால் நிழல் கொடுத்துப் பாருங்கள். கருவிழி ஸ்கேனருக்கு இதே வெயில் இன்னும் மோசம். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, அதற்கு முன் சின்ன எல்இடி எடுபடாது. கண்ணும் கூசிச் சுருங்கும், இமை பாதிக் கருவிழியை மூடிவிடும்.

கண்ணுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டால் பாவை அகலமாக விரிந்து, கருவிழி மெல்லிய வளையமாக ஒடுங்கிவிடும். அன்று சில மணி நேரம் ஸ்கேனர் மறுக்கும், மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். மெட்ராஸ் ஐ வந்தால் சிவப்பது கண்ணின் வெள்ளைப் பகுதி, கருவிழியின் அமைப்பு மாறாது. வீக்கமும் நீர் வடிதலும் மறைப்பதால்தான் திறக்காமல் போகும். கண்புரை அறுவைக்குப் பிறகு திறக்காவிட்டால், கண் முழுதாக ஆறியபின் புதிதாகப் பதியுங்கள். நிறம் மாற்றும் கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கேமரா பார்ப்பது லென்ஸில் அச்சிட்ட கோலத்தைத்தான்.

இனி டெம்பர்ட் கிளாஸ். திரைக்கு அடியில் சென்சார் உள்ள போனுக்குப் பத்து நிமிடத்தில் ஒட்டித் தரும் ஏதோ ஒரு கிளாஸை வாங்கினால், கைரேகை போய்விட்டது என்று மறுநாளே ஓட வேண்டியிருக்கும். ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸில் நடுவே மெல்லிய காற்று நிற்கும். மீயொலி காற்றைத் தாண்டாது, திரும்பிவிடும். முழுப் பரப்பும் ஒட்டுகிற, உங்கள் மாடலுக்கென்றே செய்த கிளாஸோ மெல்லிய ஃபிலிமோ வேண்டும். யூவி பசை ஊற்றி ஒட்டும் கிளாஸ் நன்றாகப் படியும், ஆனால் பசை வழிந்து இயர்பீஸிலும் பட்டன் இடுக்கிலும் இறங்கிவிடக்கூடும், கவனமான கை வேண்டும். ஒட்டிய பிறகு பழைய விரல்களை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். சாம்சங்கில் டச் சென்சிடிவிட்டி என்பதையும் இயக்குங்கள். 2019 அக்டோபரில் எஸ்10-இல் நடந்ததை நினைவில் வைப்பது நல்லது. திரையையும் மூடும், வெளி நிறுவனங்களின் சில சிலிகோன் உறைகளில் இருந்த புடைப்பு வடிவத்தையே சென்சார் ரேகையாக எடுத்துக்கொண்டு, யார் விரல் வைத்தாலும் திறந்தது. சாம்சங் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று. எந்த உறை போட்டாலும், வீட்டில் இன்னொருவர் விரலை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

திரை உடைந்து மாற்றும்போதும் இதே எச்சரிக்கை. ரிச்சி தெருவில் அசல் ஓஎல்இடி திரைக்கும் எல்சிடி நகலுக்கும் விலை வித்தியாசம் பெரிது. திரைக்கு அடியில் ஒளி சென்சார் உள்ள போனுக்கு எல்சிடி நகல் போட்டால் கைரேகை நிரந்தரமாகப் போய்விடும். வேலை தொடங்கும் முன்பே "ஃபிங்கர் பிரிண்ட் வேலை செய்யுமா?" என்று கேட்டு, போனைத் திரும்ப வாங்கும்போது அங்கேயே சோதித்துப் பாருங்கள். ஹோம் பட்டன் உள்ள பழைய ஐபோன்களில் அந்தப் பட்டனும் போனின் போர்டும் ஜோடியாகப் பிணைக்கப்பட்டவை. வேறு பட்டன் போட்டால் டச் ஐடி வராது.

பதிவதில்தான் பாதி வெற்றி

கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பதியுங்கள். போனை மேஜையில் வைத்து நேராக அழுத்திப் பதிந்தால் நடுப்பகுதி மட்டுமே சேமிக்கப்படும். பிறகு நீங்கள் போனைத் தூக்கும்போது சென்சாரில் படுவதோ கட்டைவிரலின் ஓரம். ஆகவே தினமும் பிடிக்கிறபடியே கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தொடலிலும் விரலைக் கொஞ்சம் சாய்த்து, நுனி, இடது ஓரம், வலது ஓரம் என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். அதிகம் பயன்படுத்தும் ஒரே கட்டைவிரலை இரண்டு பதிவுகளாகச் சேர்ப்பது ரேகை மெலிந்தவர்களுக்கு மிகவும் உதவும். சில போன்கள் அதே விரல் என்று கண்டுபிடித்து மறுக்கும். அப்போது இரண்டாவது பதிவில் ஓரங்களை மட்டும் காட்டிப் பாருங்கள். கட்டட வேலை, மீன்பிடி வலை, சலவை என்று கைத்தோல் தேயும் வேலை செய்பவர்கள், உரசல் குறைவாகப் படும் விரலைப் பதியலாம். பலருக்கும் அது இடது கை மோதிர விரல்.

ஐந்து முறை தவறினால் ஆண்ட்ராய்டில் குறைந்தது 30 நொடி காத்திருக்க வேண்டும், ஐபோன் நேரே பின் கேட்கும். இரண்டு முறை மறுத்ததுமே நிறுத்தி, விரலைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை வையுங்கள்.

கணவரோ மனைவியோ பிள்ளைகளோ அவசரத்துக்குத் திறக்கட்டும் என்று அவர்கள் விரலையும் சேர்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். போனுக்கு இது யாருடைய விரல் என்ற கணக்கே இல்லை, பதிந்த விரல் எல்லாம் உரிமையாளரின் விரல்தான். கைரேகையை ஏற்கும் எல்லாச் செயலிகளும், வங்கிச் செயலி உட்பட, அந்த விரலுக்கும் திறக்கக்கூடும். குழந்தைக்கு விளையாடக் கொடுப்பதற்காக அதன் விரலைப் பதியவே பதியாதீர்கள். புதிதாக ஒரு விரலைச் சேர்த்தவுடன் சில வங்கிச் செயலிகள் கைரேகையை நிறுத்திவிட்டு மறுபடி எம்பின் (அந்தச் செயலிக்கான பின் நம்பர்) கேட்கும். அது கோளாறு இல்லை. விரல் பட்டியல் மாறினால் பழைய சாவி செல்லாதபடி ஆண்ட்ராய்டில் வேண்டுமென்றே வைத்திருக்கும் காவல் அது.

ஆதாருக்கும் ஒரு வேலை பாக்கி. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைச் சிலிகோனில் வார்த்து, ஆதார் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. போனில் பின்னை மாற்றுவதுபோல விரலை மாற்ற முடியாது. எனவே ஆதார் செயலியில் அல்லது ஆணையத்தின் இணையதளத்தில் பயோமெட்ரிக் லாக் போட்டு வையுங்கள். ரேஷன் கடைக்கோ சிம் வாங்கவோ போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

பழைய எஸ்8, எஸ்9 கைமாறி வாங்குபவர்கள் அதன் கருவிழி ஸ்கேனரை நம்பி வங்கி வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாடல்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. போனை விற்கும்போதோ பரிமாற்றத்தில் கொடுக்கும்போதோ முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பதிந்த ரேகைகளும் கருவிழியும் அதோடு அழிந்துவிடும். சர்வீசுக்குக் கொடுக்கும்போது பின் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. திரை, பேட்டரி மாற்றும் வேலைக்கு அந்த நம்பர் தேவையே இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே அருகில் நின்று விரலை வைத்துத் திறந்து காட்டலாம்.